நாலு கோடு தண்ணீர்

எங்கள் கண்மாயின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ரோட்டு வேலைக்கு மண் அள்ளியபோது ஜேசிபி விட்டுப்போனது. தண்ணீர் கிடக்கும்போது அது இருப்பதே தெரியாது. கண்மாய்த் தண்ணீர் எப்போதும் டீ நிறம்தான். போன வருஷம் மீன்பிடித் திருவிழாவில் அதற்குள் காலை விட்ட ஒருத்தரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். கரையில் கிடந்தவர் மூச்சு வந்ததும் முதலில் கேட்டது தன் மீன்கூடையைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் கண்மாயில் மீன் குத்தகை எங்களுடையது. அடுத்த வருஷமும் எங்களுடையதுதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. குத்தகைக்காரர் தை மாதம் தொட்டு மீனைப் பிடித்து விற்றுக்கொள்ளலாம். தண்ணீர் நன்றாக இறங்கிய பிறகு மிச்சம் கிடப்பது ஊருக்கு. ஒரு நாள் குறித்து, ஊர்த் தலைவரான அம்பலக்காரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊரே இறங்கும். நெற்குப்பைப் பக்கமிருந்தெல்லாம் வண்டி வைத்துக்கொண்டு வருவார்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் காப்புக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால், துண்டு வீசுகிற வரைக்கும் மனுஷக் கால் தண்ணீரில் படக் கூடாது. தெப்பம் இறங்கக் கூடாது, கம்பு ஊன்றக் கூடாது.

நான் எட்டாவதோடு நின்றவன். கவலைப்படுவதில் மட்டும் குறை வைத்ததில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிற ஆள். என் மனைவி அப்படி இல்லை. ஒரு சிக்கல் வந்தால் அவள் முதலில் பேச்சை நிறுத்துவாள். அரை நாள் பேசாமல் இருந்துவிட்டு எழுந்தால், கையில் ஏதாவது ஒரு வழி இருக்கும்.

தொண்டியில் படகு வைத்திருக்கிற அவள் அண்ணன், புதுசு வாங்கியதும் தன் பழைய ஃபிஷ் ஃபைண்டரை எங்களுக்குக் கொடுத்தார். சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டி. தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி ஆழத்தைக் கண்டுபிடிக்கும். போகிற வழியெல்லாம் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, கண்மாய்க்கு ஒரு படமும் வரைந்துவிடும். மேடு வெளிர் நீலம், ஆழம் கருநீலம். அண்ணன் மீனுக்காகக் கொடுத்தார். அவள் வாங்கும்போதே, "இதை வச்சு அந்தப் பள்ளத்தைப் பிடிச்சிறலாம்ல?" என்றாள்.

தை மாதம் தெர்மாகோல் தெப்பத்தில் பெட்டியைக் கட்டி, மூன்று நாள் கண்மாயை உழுகிற மாதிரி மேலும் கீழும் போனோம். படம் வந்தது. கண்மாய்க்குள் யாரோ படிக்கட்டு கட்டிவைத்த மாதிரி வந்தது. ஒரு பட்டை மேலே, அடுத்த பட்டை ஒரு படி கீழே. பெட்டியைக் கெடுத்துவிட்டோம், மச்சானுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவள் பேசாமல் போய் மடைக்கு எதிரே கரையில் உட்கார்ந்துவிட்டாள். வயலுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம்தான் வாயைத் திறந்தாள்.

"தரை இறங்கலைங்க. தண்ணிதான் இறங்கியிருக்கு. மூணு நாளா மடை தொறந்து கிடக்கு. பெட்டிக்கு அது எப்படித் தெரியும்?"

மறுநாள் காரைக்குடி போய் ஒரு சிவப்பு நகப்பாலிஷ் வாங்கி வந்தாள். மடைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் நிற்கிற கல்தூணில், கண்மாய் நிறைந்து கலுங்கு வழிகிற மட்டத்தில் முதல் கோடு போட்டாள். அதற்குக் கீழே, தண்ணீர் இறங்க இறங்க, ஸ்கேல் வைத்து அரையடிக்கு ஒரு கோடு. பெட்டியிலும் தண்ணீர் மட்டத்தை மாற்றுகிற இடத்தைத் தேடிப் பிடித்துவிட்டாள். கண்மாய் நிறைந்து நிற்கிற கணக்கில்தான் படம் இருக்கும். தூணில் ஒரு கோடு வெளியே தெரிந்தால் பட்டனில் ஒரு அமுக்குக் குறைக்க வேண்டும். ஒரு கோடு முழுகினால் ஒரு அமுக்குக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். தினம் காலையில் கோட்டைப் பார்த்து அமுக்கிவிட்டுத் தெப்பத்தில் ஏறினோம். இந்தத் தடவை படி எதுவும் இல்லை. நடுவில், நாலு வீடு அகலத்துக்கு, அந்தப் பள்ளம் மட்டும் கருநீலமாக நின்றது. எனக்கு விளங்குகிற மாதிரி அந்தக் கணக்கைச் சொன்னது அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் இப்படி யாராவது சொல்லியிருந்தால் இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பேன்.

காப்புக் கட்டுவதற்கு முதல் நாள், பெட்டி சொன்னபடி, நெஞ்சளவு ஆழம் வருகிற இடமெல்லாம் பள்ளத்தைச் சுற்றி மூங்கில் கம்பு ஊன்றினோம். உச்சியில் என் பழைய சிவப்புக் கைலியைக் கிழித்துக் கட்டினாள். கம்பைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்று ஊரில் சொல்லியாகிவிட்டது. அம்பலக்காரர் கரையில் நின்று பார்த்துவிட்டு, கண்மாய்க்கு வேலி போட்ட முதல் ஆளு நீதான் தாயி என்று அவளிடம் சொன்னார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. மதியம் ஆரம்பித்தது விடிந்துதான் விட்டது. காலையில் ஓடிப்போய்த் தூணைப் பார்த்தேன். நாலு கோடு முழுகிவிட்டது. இரண்டடி. அவள் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போயிருந்தாள். வீட்டுக்கு வந்து பெட்டியில் நாலு அமுக்குக் கூட்டினேன். படத்தைப் பார்த்தேன். பள்ளம் எது, கண்மாய் எது என்று பிரிக்க முடியவில்லை. கம்பு நட்ட இடம், அதற்கு வெளியே, கரைக்குப் பக்கம் வரை எல்லாம் கருநீலம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்பலக்காரர் வீட்டுக்கு ஓடினேன். கொட்டகையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். திருவிழாவை நிறுத்தச் சொன்னேன். இறங்கினால் ஒருத்தர் மிஞ்ச மாட்டார்கள் என்றேன். அம்பலக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏப்பா, ஒரு மழைக்குக் கண்மாய் கடலாயிருமா? வீட்டுல என்ன சொல்லுது? அதைக் கூட்டிட்டு வா."

கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. பால் கேனோடு அவளே அந்த வழியாகத்தான் வந்தாள். பெட்டியை வாங்கிப் பார்த்தாள். படத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தில் இருந்த எண்ணைத்தான் பார்த்தாள்.

"தூண்ல நாலு கோடுதானே முழுகியிருக்கு. இதுல எட்டு ஏறியிருக்கு. ஏங்க, நீங்க அமுக்கினீகளா?"

"நாலு தடவை" என்றேன்.

"மழை விட்டதுமே தூணைப் பாத்து நான் நாலு அமுக்கிட்டுத்தான் போனேன்."

"அதானே பாத்தேன். வானம் ரெண்டடி ஊத்துச்சு, மாப்ளே மிச்சம் ரெண்டடி ஊத்திட்டாரு" என்றார் ஒருத்தர். கொட்டகையே சிரித்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் மட்டும் சிரிக்கவில்லை. நான் கூட்டிய நாலையும் குறைத்துவிட்டு, படத்தைத் திருப்பி அம்பலக்காரரிடம் காட்டினாள். கருநீலம் சுருங்கியிருந்தது. ஆனாலும் கம்பு வட்டத்தைத் தாண்டி வெளியே வந்து நின்றது.

"அவுக பயந்தது தப்பில்ல மாமா. கம்பு நிக்கிற எடத்துல நெஞ்சளவு இருந்துச்சு. இப்போ தலைக்கு மேல தண்ணி."

சிரிப்பு நின்றுவிட்டது. அவுக பயந்தது தப்பில்ல என்று அத்தனை பேர் நடுவில் சொன்னாள். அதுவரைக்கும் என் பயத்துக்கு யாரும் அப்படி ஒரு மரியாதை கொடுத்ததில்லை.

கம்பைப் பிடுங்கித் தள்ளி நட வழியில்லை, காப்புக் கட்டியாகிவிட்டது. நாளைத் தள்ளவும் முடியாது. சுற்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மைக்கில் கத்திச் சொல்லிவிடலாம் என்றார் ஒருத்தர். துண்டை வீசின பிறகு மைக்கை யார் கேட்கிறார்கள் என்றாள். பிறகு வழக்கம்போலப் பேச்சை நிறுத்திவிட்டாள். எல்லோரும் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அரை நாள் ஆகவில்லை. ஒரு டீ ஆறுகிற நேரம்தான்.

"கம்பை நகர்த்த வேணாம் மாமா. தண்ணிய நகர்த்துவோம். மடையத் தொறங்க. கரையில நின்னுதானே திருகப் போறீக, கால் நனையாது. அந்த நாலு கோடும் வெளிய வந்ததும் மூடிருவோம்."

மீன் வெளியே போய்விடுமே என்று ஒருத்தர் கேட்டார். மடைக்கு வெளிப்பக்கம், வாய்க்காலில், வலையைக் கட்டலாம், அதற்குக் காப்பு இல்லையே என்றாள். அறுப்பு முடிந்து வயலெல்லாம் சும்மா கிடந்தது. தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குப் போனால் அங்கே மாட்டுக்காவது ஆகும். அம்பலக்காரர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அவரே மடை திருகக் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டில் வரிசையாக நாலு சிவப்புப் பொட்டு ஒட்டினாள். முழுகின கோடு நாலு, பொட்டு நாலு. ஒரு கோடு வெளியே வந்தால் ஒரு அமுக்குக் குறைத்து ஒரு பொட்டை உரிக்க வேண்டும். யார் அமுக்கினாலும் பொட்டு சொல்லிவிடும். "இனிமே நீங்களே பாருங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். அந்தப் பெட்டியைத் தொட எனக்கு இருந்த கூச்சம் அதோடு போயிற்று.

முதல் கோடு மறுநாளே வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் மெதுவாக வந்தன. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கரைக்குப் போனேன். திருவிழா அன்று காலையில் ஒரே ஒரு பொட்டு மிச்சம் இருந்தது. கரை நிறைய ஆட்கள். ஊத்தாக் கூடையும் வலையுமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாலாவது கோட்டின் மேல் ஓரம் மட்டும் தண்ணீரில் நனைந்து நனைந்து தெரிந்தது. அம்பலக்காரர் தோளில் துண்டோடு என் மனைவியைப் பார்த்தார். அவள் மடை மேல் குனிந்து நின்று, இன்னும் இல்லை என்று கையைக் காட்டினாள். கூட்டத்தில் முனகல் எழுந்தது. ஒரு பொம்பளைக்காக ஊரே நிக்கணுமா என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும். அவள் தூணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஊர் நின்றது.

பிறகு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் பட்டனை ஒரு தடவை அமுக்கினேன், ஒரே தடவை. கடைசிப் பொட்டை உரித்து நீட்டினேன். அவள் வாங்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அம்பலக்காரருக்குக் கையை உயர்த்தினாள். வெள்ளைத் துண்டு பறந்தது.

எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். நான் கம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில், போன வருஷம் பள்ளத்தில் விழுந்த அதே ஆள், வலது பக்கக் கம்பு வரைக்கும் போய்விட்டார். அவர் கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் நெஞ்சில்தான் இருந்தது. மடியிலிருந்து வெற்றிலையை எடுக்கப் பார்த்து, அது நனைந்துபோனதைக் கண்டு வைதுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கரைப் பக்கம் திரும்பினார்.