பியூஸ் பெட்டிக்குள் கிடந்த வெள்ளித்தாள்

போன செவ்வாய்க்கிழமை காலை வயலில் உழுதுகொண்டு நின்றபோது மனைவி தொலைபேசியில் அழைத்தாள். "யோகராசா அண்ணை போயிட்டாராம். நித்திரையிலயே போயிட்டாராம்." இயந்திரத்தை நிறுத்திவிட்டு வரம்பில் இருந்துவிட்டேன். அவரைப் பற்றி ஊருக்கு ஓர் உண்மை சொல்ல வேண்டியிருந்தது. அவர் இருக்கும்போது அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கண்டாவளைப் பக்கம் பழைய உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அவரைத் தெரியாமல் இராது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்கிள் கரியரில் வயர்ச் சுருளோடு வந்து இயந்திரங்களுக்கு லைற் பூட்டித் தருபவர் அவர். முன் லைற் இரண்டுக்கும் ஒரே பியூஸ் இருந்தால் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுத்துத் தனிப் பியூஸ் போடுவார். "ஒண்டு போனாலும் மற்றது வீட்டை கொண்டுவந்து சேர்க்கும்" என்பார். அவசரப்படுத்தினால் வயர் வெட்டும் குறட்டைக் கீழே வைத்துவிடுவார். "அப்ப டோர்ச்சைக் கட்டிக்கொண்டு ஓடுங்கோ."

போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் நான் ஒரு முதலாளியின் இயந்திரத்துக்குச் சாரதி. அண்ணைதான் அதற்கு லைற் பூட்டினார். "தம்பி, பியூஸ் எண்டது எரியத்தான் இருக்கு. எரிஞ்சால், ஏன் எரிஞ்சதெண்டு முதல் பாரும்" என்று சொல்லித்தான் தந்தார்.

நான் பார்க்கவில்லை. அறுவடை நேரம், பொழுது படுகிற வேளை, இழுவைப் பெட்டி நிறைய நெல்மூட்டை. வலப்பக்க லைற் அணைந்துவிட்டது. எரிந்த பியூஸைக் கழற்றிவிட்டு, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துச் செருகினேன். லைற் எரிந்தது. கொஞ்சத் தூரத்தில் வயரும் எரிந்தது. மண்ணை அள்ளிப் போட்டுத்தான் அணைத்தேன். பிறகுதான் பார்த்தேன், முன்பு நான் பொனட்டை மூடியபோது வயர் நசிந்திருக்கிறது.

மறுநாள் முதலாளி நாலு பேருக்கு முன்னால் அண்ணையைக் கேட்டார். "யோகராசா, நீ கட்டின வயர்தானே எரிஞ்சது?"

அண்ணை பியூஸ் பெட்டியைத் திறந்தார். கருகிய வெள்ளித்தாளைக் கண்டார். என்னையும் பார்த்தார். அப்போது என் மனைவி நிறைமாதம். வேலை போனால் வேறு வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். தாளைக் கைக்குள் பொத்திக்கொண்டு, "ஓம் முதலாளி, நான் கட்டினதிலதான் பிழை. திருப்பிப் போட்டுத் தாறன்" என்றார்.

அடுத்த போகம் முடியும்வரை ஒருவரும் அவரை லைற் பூட்டக் கூப்பிடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை தப்பியது. வழியில் கண்டால், "பிள்ளை சுகமோ?" என்று மட்டும் கேட்பார். அதற்குப் பதில் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கும்.

செத்தவீட்டுப் பந்தலில் அதே முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம், "நல்ல மனுசன். ஆனா ஒருக்கா என்ர மெசினை எரிச்சுப்போட்டார்" என்றார். நான் எழுந்துவிட்டேன். "அவரில்லை ஐயா, நான்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். வெள்ளித்தாள் செருகியதையும் சொன்னேன். முதலாளி எழுந்துபோய் அண்ணையின் தலைமாட்டில் நின்றார்.

அண்ணையின் மனைவி என்னைக் கூப்பிட்டார். "அதுக்குப் பிறகுதான் தம்பி, ஆரின்ர மெசின் எண்டாலும் ரெண்டு பியூஸ் மிச்சமாய்க் கட்டிவிடத் தொடங்கினவர். ஏனெண்டு கேட்டனான். சொல்லேல்லை."

வீட்டுக்கு வந்து, பிறகு நான் சொந்தமாக வாங்கி அண்ணையே லைற் பூட்டித் தந்த என் இயந்திரத்தின் பியூஸ் பெட்டியைத் திறந்தேன். பக்கத்தில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றி, இரண்டு புதுப் பியூஸ்கள். இந்தப் பக்கத்து இயந்திரங்கள் பலவற்றில் அவை இருக்கின்றன. ஏன் இருக்கின்றன என்று இனி எல்லோருக்கும் தெரியட்டும். நீங்கள் கட்டின வயரில் பிழை இருக்கவில்லை, அண்ணை. நிம்மதியாகப் போங்கள்.