இடுப்போடு வெட்டிய ஆள்

மலை நடைக்குச் சொந்தமாகச் சாமான் தைக்கிறவனுக்கு இரண்டு சோதனை: ஒன்று மழை, இன்னொன்று வீட்டில் இருப்பவர்கள். கடையில் விற்கிற விலையைக் கேட்டு வயிறெரிந்து, நாமே தைத்துக்கொள்ளலாம் என்று ஊசியும் நூலுமாக உட்கார்ந்த சக பைத்தியங்களே, இது உங்களுக்குத்தான். கள்ளக்குறிச்சியில் எனக்கு பைக் சீட்டுக்கு உறை தைக்கும் கடை. கச்சிராயபாளையம் பக்கம் ஏறி, கரியாலூர், வெள்ளிமலை என்று கல்வராயன் மலையைக் குறுக்கே நடந்து மறுபக்கம் இறங்க வேண்டும் என்பது எனக்கும் என் மனைவி ஜரீனாவின் தம்பி ரபீக்குக்கும் வெகுநாள் ஆசை.

சீட்டுப் பை

முதலில் முதுகுப் பை. மிச்சமிருந்த கறுப்பு ரெக்சின், தோளுக்குச் சீட்டு ஸ்பாஞ்சு. என் கைக்குப் பழகிய ஒரே தையல் சீட்டுத் தையல்தான், பையும் அப்படியே வந்து சேர்ந்தது. நடுவில் பள்ளம், ஓரத்தில் வெள்ளைப் பட்டி. சோதித்துப் பார்க்க அதை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். கடைக்கு வந்துபோகும் வாடிக்கையாளர் ஒருவர் வண்டியை நிறுத்தி, ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "இன்னா பாய், வண்டிய வுட்டுட்டு சீட்ட மட்டும் தூக்கிக்கினு போறீங்க?"

கூரையில் ஒருவர்

அடுத்தது கூடாரம். தியாகதுருகத்தில் பேனர் கட்டும் ஆரோக்கியம் என் சினேகிதர். காரியம் முடிந்து கழற்றிய ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை எனக்குக் கொடுத்தார். மழைக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது, நம் பக்கத்தில் பாதி மாட்டுக்கொட்டகைக்கு அதுதான் கூரை. அதில் ஒரு பெரியவர் கும்பிட்டபடி முழு உருவத்தில் நின்றிருந்தார். வெறுங்கால், இடது கட்டைவிரலில் துணிக்கட்டு. அவரை இடுப்போடு வெட்டி, மேல்பாதியில் கூடாரம் தைத்தேன். வெள்ளைப் பக்கம் வெளியே, அவர் உள்ளே.

மொட்டைமாடியில் கட்டிப் படுத்துப் பார்த்தேன். என் முகத்துக்கு ஒரு முழம் மேலே அவர் முகம். எந்தப் பக்கம் புரண்டாலும் என்னையே பார்த்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். துணி எடுக்க வந்த ஜரீனா குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "செத்தவரு கண்ணத் தொறந்துகினு இருக்காரு, நீங்க மூடிக்கினு இருக்கீங்க. யாருக்கு காரியம்னே தெரியலியே."

மிச்சப் பாதி

கீழ்ப்பாதியை வீணாக்க மனமில்லை. அதில் ரபீக்குக்கு மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு கொங்காணி தைத்தேன். அவன் நிழலைப் பார்த்தாலே பதறுகிறவன். அதனால் அவன் கண்ணில் படுவதற்கு முன்பே, கால்கள் இருந்த உள்பக்கத்தைக் குடைத்துணி வைத்து மூடிவிட்டேன். நாங்கள் கிளம்புகிற அன்று வழியனுப்ப வந்த ஜரீனா, "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி" என்று ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னாள். ஆரோக்கியம் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். "பாய், தலை உங்ககிட்ட, காலு அவன்கிட்ட. எதுக்கும் ரெண்டு பேரும் பிரியாம நடங்க."

மூடுபனி

பிரிந்தோம். கரியாலூர் தாண்டி, மதியத்துக்குமேல் தூறல் பிடித்துக்கொண்டது. நான் கூடாரம் கட்ட, ரபீக் கொங்காணியைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கினான். பின்னாலேயே மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டேன், பதில் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் செங்குத்துப் பள்ளம். தேடிப் போனால் நானும் தொலைவேன் என்று கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தேன். ஜரீனா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகையாக வந்தது.

கூரை முழுக்க ஈரம் கோத்திருந்தது, ஆனால் சொட்டியது பெரியவரின் இரண்டு கண்ணிலிருந்து மட்டும்தான். எனக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். "பெரியவரே, உங்க கால அவன்கிட்ட குடுத்திருக்கேன். கொஞ்சம் கூட்டிக்கினு வாங்க" என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். கொஞ்ச நேரத்தில் ரபீக் கூடாரத்து வாசலில் நின்றான். கொங்காணியின் உள்துணி ஒரு தையல்கூடப் பிரியவில்லை. என்னைத் தாண்டி உள்ளே யாரையோ தேடினான். "மச்சான், முன்னாடி வந்தாரே, அவரு எங்க? பனியில இடுப்புக்கு மேல ஒன்னுமே தெரியல. கட்டு போட்ட கால்வெரலப் பாத்துக்கினே வந்துட்டேன்."

வாசல் வரை

அத்தோடு நடையை முடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டோம். "மொதல்ல அவரச் சேத்துத் தைங்க" என்றாள் ஜரீனா. இரட்டைத் தையல் போட்டு இடுப்பை ஒட்டினேன். ஆரோக்கியம் என்னை ரிஷிவந்தியம் பக்கம் பெரியவரின் வீட்டுக்கு அழைத்துப் போனார். பெரியவரின் மனைவி ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்து, மகள் கல்யாணத்தில் பந்தக்காலில் இடித்துக்கொண்ட அந்தக் கட்டைவிரலைத் தடவினார். பிறகு தையலைத் தடவி, எப்போது வெட்டினீர்கள் என்று கேட்டார். மாதத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்பலேர்ந்துதாங்க, பொழுது சாய நொண்டி நொண்டி வாசல் வரைக்கும் வர்ற சத்தம் கேக்கும். உள்ள வரமாட்டாரு. கண்ணு இல்லாம எப்படிங்க வூடு தெரியும்?"

இப்போதெல்லாம் நான் ஸ்வீட் கடை ஃப்ளெக்ஸில்தான் கூடாரம் தைக்கிறேன். தலைக்குமேல் மைசூர்பாகைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம், ஆனால் பனியில் தொலைந்தால் கூட்டிவர ஆள் கிடையாது.