எட்டு டிரம் மாவும் இரண்டு புஷ்ஷும்

மட்டாஞ்சேரியில் தோசை மாவு என்று யாரிடம் கேட்டாலும் ஆவுடையம்மாள் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. முதல் ஆறேழு வருஷம் இரண்டு கையிலும் தூக்குவாளியோடு பஸ் ஏறித்தான் கடைகளுக்கு மாவு கொடுத்தாள். பிறகு கார் ஓட்டப் படித்தாள். கம்பி நட்ட மைதானத்தில் 'ஹெச்' எழுத்து வடிவில் வண்டியை ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ். இரண்டு தடவை கம்பியைத் தட்டிவிட்டு மூன்றாம் தடவை பாஸானாள். பிறந்த வீட்டுப் பக்கம் கார் ஓட்டுகிற முதல் பொம்பளை அவள். யாரும் கேட்காவிட்டாலும் அவளே சொல்லிவிடுவாள்.

பல கை மாறி வந்த சின்னக் கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எட்டு டிரம் மாவு ஏற்றுவாள். ஒரு மாதமாகக் குழியில் இறங்கினால் பின்பக்கம் 'கடக்' என்றது. வளைவில் வால் ஆடியது. போன வாரம் ஆடிய ஆட்டத்தில் ஒரு டிரம் சாய்ந்து, சேவியரின் சாயாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது பாதி மாவுதான்.

"சேச்சி, பாக்கெட் மாவுக்காரன் டெய்லி வந்து நிக்கறான். இனி ஒரு நாள் முடங்கினா நான் அவன்கிட்ட மாறிடுவேன். பின்னே என்கிட்ட பிணங்கக் கூடாது" என்றார் சேவியர். அவர் மாறினால் அந்த வரிசையில் இன்னும் மூன்று கடை கூடவே போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

பின் ஆக்ஸில் பாடியோடு சேருகிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ரப்பர் புஷ் இரண்டும் போய்விட்டது என்றார் ஒர்க்‌ஷாப்காரர். நாலு நாள் வண்டியை விடச் சொன்னார். நாலு நாள் விட்டால் பதினோரு கடையும் போய்விடும். வீட்டிலேயே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை மாவு கொடுத்து வந்ததும் தொடங்கினால், திங்கள் விடியுமுன் வண்டி கிளம்ப வேண்டும்.

அடுத்த வீட்டு ஷாஹிர் ஸ்பேனர் பெட்டியோடு வந்தான். சுள்ளிக்கல்லில் பைக் மெக்கானிக். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். ஏலூரில் லோடு ஏற்றும் வேலைக்குப் போகும் அவள் புருஷன் ராசப்பனுக்கு அன்று லீவு.

"அக்கா, புது புஷ் எங்கே?"

"ஃப்ரீசர்ல. மத்திக்குப் பக்கத்துல."

"நாளைக்குக் கார்ல மீன் வாசனை வரும், பாத்துக்கோ" என்றார் ராசப்பன்.

"வரட்டும். குளிர்ல சுருங்கினாத்தான் லேசா உள்ள போகும். நீங்க மொதல்ல சக்கரத்துக்குக் கட்டை வைங்க."

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். பழைய புஷ் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆக்ஸிலில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டாள் ஆவுடையம்மாள். நீளத் திருகுக் கம்பி, ஒரு துண்டு பைப், தடித்த வாஷர்கள். நட்டை முறுக்க முறுக்கப் பழைய புஷ் முனகிக்கொண்டே பைப்புக்குள் வந்து விழுந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், நடுவில் இரண்டிலும் ஒட்டிய ரப்பர். ரப்பர் பாதி கிழிந்து தொங்கியது. புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி, கோட்டுக்கு நேராக வைத்து ஏற்றினார்கள். மூன்றரை மணிக்கு ஷாஹிர் இரண்டு போல்ட்டையும் மூச்சுப் பிடித்து இறுக்கினான். அதே நேரம் உள்ளே கிரைண்டரில் திங்கட்கிழமை மாவு அரைத்து முடிந்திருந்தது.

வண்டியை இறக்கியதும் ராசப்பன் கை தட்டினார். ஆவுடையம்மாள் தட்டவில்லை. பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"என்னக்கா?"

"வால் தூக்கிட்டு நிக்குதே."

"காலி வண்டிதானே, அதான்."

"காலி வண்டிய நான் பாத்ததே இல்லையாடே? பம்பர் என் முழங்காலுக்குக் கீழ நிக்கும். இப்ப மேல நிக்குது." இரண்டு கையாலும் அமுக்கினாள்; வெடுக்கென்று எழும்பியது. "சக்கரம் தொங்கும்போதே இறுக்கிட்டியா?"

"பைக்குக்கு அப்படித்தானே. சென்டர் ஸ்டாண்ட் போட்டு இறுக்குவோம்."

காலையில் கழற்றிய பழைய புஷ்ஷை அவன் கையில் திணித்தாள். "இது எங்க சுத்தும் சொல்லு. ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கு. தொங்கும்போது நீ பிடிச்சு வச்ச ரப்பர், இப்ப வண்டி இறங்குனதும் முறுக்கிட்டு நிக்குது. பிழிஞ்ச துணி மாதிரி. எத்தனை நாள் தாங்கும்?"

ஷாஹிர் தலையைச் சொறிந்தான். "ஒரு மாசம் ஓடும்க்கா. நாளைக்கு எப்படியும் ஓடும்."

நாளைக்கு ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த மாதம் இன்னொரு டிரம் சாயும். போல்ட்டை விட்டு, வண்டி சுமையோடு நிற்கிற உயரத்தில் மறுபடி இறுக்க வேண்டும். சுமைக்கு அவளிடம் இருந்தது மாவு. பொங்க ஆரம்பித்த பிறகு டிரம்மை அசைத்தால் மாவு அமுங்கிப்போகும். அரைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தூக்குவதென்றால் இப்போதே தூக்க வேண்டும்.

"நாங்க ஏறி உக்காந்தா போதாதா?" என்றார் ராசப்பன்.

"தினமும் நீங்களா போறீங்க கடைக்கு?"

நாலு சக்கரத்தையும் அகலப் பலகைகளின் மேல் ஏற்றி, அடியில் ஆள் நுழைய இடம் செய்தார்கள். ஷாஹிர் போல்ட்டுகளைத் தளர்த்தினான். ஏலூரில் ஞாயிறு லீவு கொடுத்தது இதற்குத்தான் என்று புலம்பிக்கொண்டே ராசப்பன் எட்டு டிரம்மையும் தூக்கி வைத்தார். ஒவ்வொன்றுக்கும் வால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வண்டியை இரண்டு தரம் ஆட்டிவிட்டு ஆவுடையம்மாள், "இப்ப இறுக்கு" என்றாள்.

டிரம்களை இறக்கவில்லை. மூடிகளைப் பொங்குவதற்குத் தளர்த்தி, கார்க் கண்ணாடியை விரலளவு இறக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை ஐந்தே காலுக்கெல்லாம் தோப்பும்படி வளைவு தாண்டியாயிற்று. வால் ஆடவில்லை. காருக்குள் இருந்த சூட்டில் மாவுதான் நன்றாகப் பொங்கிவிட்டது. சேவியர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இன்னைக்குப் புளிப்பு கூடுதலாச்சே சேச்சி."

"ஆமா சேட்டா. நேத்து வண்டி வேலை, மாவு கார்லயே இருந்துச்சு. நாளைக்குச் சரியாயிடும்."

சேவியர் டிரம்மை எட்டிப் பார்த்தார். விளிம்பு வரை இருந்தது. உள்ளே திரும்பி, கல்லில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்.

"முதல் தோசையை நீங்களே தின்னுட்டுப் போங்க."

"இன்னும் பத்து கடை இருக்கு" என்று அவள் வண்டியைக் கிளப்பினாள்.