பெயர் எழுதாத நோட்டு

எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முதலில் நீளும். அன்று தர்மபுரியில் நோட்டுக் கடையிலும் அதுதான் நடந்தது. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று அட்டையில் பச்சை இலை அச்சிட்ட நோட்டு ஒன்றைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையைப் பிரித்து, விரலை நாக்கில் தொட்டு அட்டையில் தேய்த்தேன். வழவழவென்று வழுக்கியது. மேலே பிளாஸ்டிக் பூச்சு.

"இலை படம் போட்டுட்டா ஆச்சுங்களா? இத மண்ணுல பொதச்சா பேரன் பேத்தி காலத்துலயும் அப்படியே கெடக்கும்" என்றேன்.

"நோட்ட எதுக்கும்மா மண்ணுல பொதைக்கிறீங்க?" என்று கேட்டார் அவர். நியாயமான கேள்விதான்.

நாங்கள் நல்லம்பள்ளிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் ஊரில் இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லுவோம். அந்த வருடம் தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் பங்குச் சாமியார் ஒரு யோசனை சொன்னார். நாற்பது நாளும் ஆளுக்கொரு நோட்டில் தினம் கொஞ்சம் எழுத வேண்டும். மனசை உறுத்துவதை, யாரிடமும் சொல்லாததை எழுதலாம். யாரும் படிக்கப் போவதில்லை. புனித வாரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து எரித்துவிடலாம் என்றார்.

எரிப்பது என்றதும் நான் எழுந்துவிட்டேன். புகை எதற்கு, கோயில் தோட்டத்து எருக்குழியில் போட்டு மூடினால் மட்கி வாழைக்கு உரமாகுமே என்றேன். "நம்ம பாவத்துக்கு எருக்குழிதான் லாயக்கு" என்று பின்னாலிருந்து ஓர் அக்கா சொன்னார்கள். கூட்டமே சிரித்தது. சாமியாரும் சிரித்துவிட்டு, எழுத ஒப்புக்கொண்ட இருபது பேருக்கும் மட்கக்கூடிய நோட்டாகப் பார்த்து வாங்கும் வேலையை என் தலையிலேயே கட்டினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

கடைக்கு என் நாத்தனாரும் வந்திருந்தாள். என் கணவரின் தங்கை. முப்பத்தேழு வயது. கல்யாணம் ஆகாமல் எங்களோடேயே இருக்கிறாள். தர்மபுரியில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள். நான் ஒவ்வொரு நோட்டாகத் தள்ளத் தள்ள அவள் அதைப் பழையபடி அடுக்கிவைத்தாள்.

பூவிதழ் பதித்த கைத்தாளில் பேனா மாட்டி மாட்டி நின்றது. மை நாலாபுறமும் ஓடியது. இன்னொன்றின் அட்டைக்குள் துளசி விதை இருந்தது, ஆனால் முதுகில் இரும்புச் சுருள். கரும்புச் சக்கையில் செய்த தாள் எழுத நன்றாகத்தான் இருந்தது. அது ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது, என்ன போட்டு வெளுத்தார்கள் என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. கடைசியில் அடித்தட்டிலிருந்து ஒன்றை உருவினார். பழைய தாளை அரைத்துச் செய்தது. பழுப்பு அட்டை, நூல் தையல், ஒரு ஸ்டேப்ளர் பின்கூடக் கிடையாது. ஒரு மூலையைக் கிழித்து அவருடைய தண்ணீர் டம்ளருக்குள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கூழாகக் கரைந்தது.

"இதுதான். இருவது குடுங்க" என்றேன்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ சோதிக்க மாட்டாங்கம்மா" என்று கடைக்காரர் டம்ளரைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

நான் சிரித்தேன். நாத்தனார் சிரிக்கவில்லை. தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு உள்ளே சுருக்கென்றது.

பெயர் ஒட்டும் சீட்டு வேண்டுமா என்று கேட்டார். பசைச்சீட்டு மட்காது, வேண்டாம் என்றேன். "பேனாவுலயே பேரு எழுதிக்கலாமுங்களே அண்ணி? எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க" என்றாள் நாத்தனார். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பெயரே கூடாது. தப்பித் தவறி எங்காவது விழுந்து கிடந்தாலும் இது யாருடைய பாவம் என்று யாருக்கும் தெரியக்கூடாது. இதை அன்பியத்தில் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சாம்பல் புதன் அன்று நான் எழுதியது இது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் நாத்தனாரைப் பெண் பார்க்க அரூர் பக்கமிருந்து ஓர் இடம் வந்தது. பையனுக்கு நிரந்தர வேலை, நல்ல குணம். இவளுக்கும் பிடித்திருந்தது. பேச்சு முடிகிற நேரத்தில், ஒரு திருவிழாப் பந்தலில் பையனின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பொண்ணுக்கு ஒடம்புல ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டார். சின்ன வயதில் இவளுக்கு வலிப்பு வந்ததுண்டு. பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. நான் சொல்லிவிட்டேன். அவர்கள் அப்புறம் வரவில்லை. யார் சொன்னது என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது.

உண்மையைத்தானே சொன்னேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். ஆனால் அதை ஏன் சொன்னேன் என்பது வேறு விஷயம். அப்போது என் சின்னவனுக்கு மூன்று வயது, பெரியவளுக்கு ஐந்து. எனக்குப் பால் சங்கத்தில் வேலை கிடைத்திருந்தது. விடிவதற்குள் கிளம்ப வேண்டும். இவள் கல்யாணமாகிப் போய்விட்டால் என் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? அந்தப் பந்தலில் என் மனசில் ஓடியது அது ஒன்றுதான். அதைத்தான் எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். நோட்டைச் சேலைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை ஜெபத்துக்கு வரும்போது நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார் சாமியார். மந்திரித்து ஆசீர்வதித்துத் தருவதாகச் சொன்னார். இருபது பழுப்பு நோட்டும் பீடத்தின் முன்னால் ஒரு கூடையில் கிடந்தன. நானும் நாத்தனாரும் ஒன்றாகப் போனோம், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். ஜெபம் முடிந்ததும் கூடையைச் சுற்றி ஒரே நெரிசல். ஒருத்தி நோட்டில் மஞ்சள் கறை, இன்னொருத்தி நோட்டில் பேரன் கிறுக்கிய பூ. என்னுடையதில் அப்படி அடையாளம் ஒன்றும் இல்லை. மூலை மடங்கியிருந்த ஒன்றை என்னுடையது என்று நம்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. பால் சங்க வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கணவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். நோட்டைத் திறந்தேன்.

என் எழுத்து இல்லை.

குண்டு குண்டாக, கோட்டுக்குள் அடங்கிய எழுத்து. எங்கள் வீட்டு மளிகைச் சீட்டில் வாராவாரம் பார்க்கிற எழுத்து. படக்கென்று மூடினேன். அப்படியானால் என் நோட்டு அவளிடம் இருக்கிறது. அவள் அதைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். சாப்பாட்டு வேளையில்தான் தினமும் எழுதுவாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு மணிக்குத் திறப்பாள்.

போனைக் கையில் எடுத்தேன். என்னவென்று சொல்வது? திறக்காதே என்று சொன்னால் திறக்கச் சொல்வது மாதிரிதான். வைத்துவிட்டேன். மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். கணவரிடம் சொல்லலாம் என்றால் அவரிடம் எதைச் சொல்வது? கட்டியிருந்த சேலையோடு, தலைகூட வாராமல், அவள் நோட்டைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் வரத் தாமதமானது. அங்கே நின்ற ஒருவர் "என்னங்கக்கா, யாருக்காவது ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். "என் ஒடம்பு நல்லாத்தான் இருக்குது, உங்க வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம் அந்த மனுஷன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். படிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். மந்திரித்த நோட்டு. இன்னொருத்தி கடவுளுக்கு எழுதியது. ஆனால் ஒரே ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? முதல் பக்கம் மட்டும் என்று திறந்தேன்.

"சாம்பல் புதன். இன்னைக்கும் அண்ணிய மன்னிக்க முடியல."

அவ்வளவுதான் இருந்தது அந்தப் பக்கத்தில். திருப்பினேன்.

"இன்னைக்கும் முடியல."

அடுத்தது. "அண்ணி கத்திரிக்காய்க் கொழம்பு வெச்சாங்க. ருசியா இருந்துச்சு. ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டேன். இன்னைக்கும் முடியல."

பஸ் எங்கே நின்றது, யார் ஏறினார்கள், எதுவும் தெரியவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை கேட்டபிறகுதான் சீட்டு வாங்கினேன். நிறுத்த முடியாமல் திருப்பிக்கொண்டே போனேன். ஒரு நாள் இப்படி எழுதியிருந்தாள்: "சின்னவன் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணினான். அத்தை அத்தைன்னு அரை மணி நேரம் பேசினான். பந்தல்ல அண்ணி சொன்னத அந்த அரூர்ப் பையனோட அம்மாவே அப்பவே எங்கிட்ட சொல்லிட்டாங்க. இதுங்கள வளக்கத்தான் அண்ணி என்னைய நிறுத்தினாங்க. இதுங்கள வளத்தது எனக்கும் சந்தோசம்தான். மீதிய நான் என்ன பண்றது சாமி?"

என்னை ஓர் இடத்தில்கூட அவள் மரியாதை இல்லாமல் எழுதவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினான்கு வருடமாகத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னதும் தெரியும், ஏன் சொன்னேன் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே என் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டிருக்கிறாள், நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

கம்பெனி வாசலை அடைந்தபோது மணி ஒன்று ஆகவில்லை. காவல்காரரிடம் சொல்லி அனுப்பினேன். வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் அடியில் நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவள் வந்தாள். ஒரு கையில் டிபன் பை, மறு கையில் பழுப்பு நோட்டு. தோளில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"என்னங்க அண்ணி, இவ்ளோ தூரம்? போன் பண்ணியிருக்கலாமுங்களே" என்றாள். பிறகு நோட்டை நீட்டினாள். "இது உங்களுதுங்க. மாறிப்போச்சு. காலையில பஸ்லயே எழுதலாம்னு தொறந்தனுங்க. உங்க எழுத்துன்னு தெரிஞ்சதும் மூடிட்டேன். ஒரு வரிகூட படிக்கலீங்க."

அவள் பொய் சொல்கிறவள் அல்ல. காலை ஏழரை மணியிலிருந்து அது அவள் கையில் இருந்திருக்கிறது. நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டவில்லை. என் பையிலிருந்து அவளுடையதை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"நீங்க படிச்சீங்களா அண்ணி?"

இல்லை என்ற சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் இருவரும் நோட்டை மாற்றிக்கொண்டிருப்போம், சாயந்திரம் வழக்கம்போலச் சாப்பிட்டிருப்போம், எருக்குழி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"படிச்சேன்" என்றேன்.

"எவ்ளோங்க?"

"எல்லாத்தையும்."

உள்ளேயிருந்து பெண்கள் கூட்டமாகச் சாப்பாட்டுக்கு வரும் சத்தம் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப நான் இதப் படிக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"படி" என்றேன்.

மரத்தடியில் டிபன் பையை வைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல். ஒவ்வொரு பக்கமாக, அவசரப்படாமல் திருப்பினாள். பந்தலைப் பற்றிய பக்கத்தில் வெகுநேரம் நின்றது அந்த விரல். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எதற்கெடுத்தாலும் நீள்கிற வாய் அன்று ஒரு சொல்லுக்கும் உதவவில்லை.

கடைசிப் பக்கம் வரை படித்து மூடினாள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. அவள் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"சாமிகிட்ட இத்தன தடவ சொல்லியிருக்கீங்க. ஒரே வூட்ல இருக்கறேன், எங்கிட்ட ஒரு தடவ சொல்லலீங்களே அண்ணி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு என் கையிலிருந்த அவள் நோட்டை வாங்கினாள். இரண்டையும் டிபன் பையில் வைத்துக்கொண்டாள். "இனிமே எழுத வேண்டாங்க. சொல்லணும்னா எங்கிட்டயே சொல்லுங்க."

உள்ளே போய்விட்டாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. அவள் வேலை முடிந்து வெளியே வரும்வரை அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளிடம் முதல் வார்த்தையை எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.