ஓமானைச் சுற்றிக்காட்டியவள்

என் கணவர் ஓமானில் பதினோரு வருஷம் கொத்து வேலை பார்த்தார். அந்த நாட்டைப் பற்றி மன்னார்குடி நூலகத்தில் கிடைத்த எதையும் நான் விடவில்லை. பயணக் கட்டுரை, நாவல், சமையல் புத்தகம்கூட.

வெள்ளிக்கிழமை போனில் கேட்பேன். "அங்கேயும் நம்ம வயலுக்கு விடுற மாதிரி முறை வெச்சுத்தான் பேரீச்சந்தோப்புக்குத் தண்ணி விடுவாங்களாம். பாத்தீங்களா?"

"கேம்ப்பை விட்டா சைட்டு, சைட்டை விட்டா கேம்ப்பு. நான் எங்கே பாத்தேன்? நீயே சொல்லு புள்ள, கேக்குறேன்."

அவர் இருந்த நாட்டை அவருக்கு நான்தான் சுற்றிக்காட்டினேன்.

போன வருஷம் வேலை செய்த இடத்திலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

இப்போதும் நூலகத்துக்குப் போகிறேன். அவரைப் புதைத்த மையவாடியைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதித் தொலைக்கவில்லை.