முகமூடிக்காரனுக்குப் போட்ட தழை

மலைமேல் இருக்கிற எங்கள் வளப்பூர் நாட்டிலிருந்து பேளுக்குறிச்சிச் சந்தைக்குச் சுமையோடு இறங்கினால் முழங்கால் இரண்டு நாளைக்குப் பேசும். சந்தை முடிந்து அங்கேயே படுத்து, விடியற்காலையில் மறுபடி ஏற வேண்டும். வெள்ளைக்காரன் சண்டை நடந்த அந்த வருஷம் நான் வாராவாரம் இறங்கினேன். அண்ணன் தூக்க வேண்டிய சுமையும் தங்கச்சி என் தலையில்தான் இருந்தது.

அண்ணன் ஐப்பசி மழையில் சாமை மூட்டையோடு இறங்கும்போது மலைப்பாதை வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டான். கீழே ஓடை பெருகிக் கிடந்தது. தலைத்துண்டு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அண்ணி தாலியைக் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவும் துணியவில்லை.

வழியில் யாராவது விழுந்து செத்தால், அந்த இடத்தைக் கடக்கிறவர்கள் ஒரு கொத்துத் தழை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள். எங்கள் மலை வழக்கம் அது. அண்ணன் விழுந்த வளைவிலும் எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். அண்ணி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்துவிடுவாள். தழை போட்டால் செத்தவன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். நான்கு மாதம் அவள் முதுகைப் பார்த்தே நடந்தேன். சத்தியமாய்ச் சொல்கிறேன், எனக்குச் சலித்துப்போயிருந்தது.

மாசியில் சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுச் சினிமா வந்தது. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாய்க் காட்டுகிற இங்கிலீஷ் படம். முகமூடிக்காரன் ஒருவன் கெட்டவர்களை அடிப்பான். அவனை எனக்கு முன்பே தெரியும். கருவாடு கட்டிக் கொடுத்த இங்கிலீஷ் காகிதத்தில் கட்டம் கட்டமாய் அவன் படம் வரும். அந்தப் படக்கதையைத்தான் சினிமாவாக எடுத்திருக்கிறார்கள் என்று, திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் விளக்கம் சொல்கிற ஆள் சொன்னார். காகிதத்தில் அவனுக்கு மார்பு பாறை மாதிரி இருந்தது. சினிமாவில் தொந்திதான் முன்னால் வந்தது. காலோடு ஒட்டிய சராய், அதற்கு மேலே ஜட்டி.

"ஏனம்மிணி, அவசரத்துல மாத்திப் போட்டுக்கிட்டானா?" என்றாள் அண்ணி.

நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி. அடி வாங்கியவன் பாறையில் சாய்ந்தான், பாறையும் கூடவே சாய்ந்தது. அட்டைப் பாறை! பாறையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கால்வலியே மறந்துபோனது எனக்கு.

ஆனால் கடைசியில் முகமூடிக்காரனின் கார் மலை விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. அத்தோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள். சிரித்துக்கொண்டிருந்த எங்கள் கூட்டம் அவன் செத்துவிட்டான் என்றே எழுந்தது. அண்ணி என் கையை இறுகப் பிடித்திருந்தாள். இவளை ஏன் கூட்டிவந்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன்.

அடுத்த வாரம் எங்கள் ஆட்கள் சந்தைக்கு இறங்கும்போதே ஆளுக்கொரு கொத்து கூடுதலாக ஒடித்தார்கள். கண்ணால் பார்த்த சாவு, சும்மா போக மனசு வரவில்லை. கூடாரத்துக்குள் போனதும் திரைக்குக் கீழே வரிசையாய்த் தழையை வைத்தார்கள். விளக்கம் சொல்கிறவர் திகைத்துப்போய், "என்னங்க இது, ஆட்டுக்கா?" என்றார்.

"செத்துப்போனாருங்கல்ல, அவருக்குங்க" என்றார் எங்கள் பெரியவர் ஒருவர்.

படம் தொடங்கியது. அதே கார், அதே விளிம்பு. இந்தத் தடவை கார் விழுவதற்கு முன்பே முகமூடிக்காரன் கதவைத் திறந்து வெளியே குதித்து, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள் எங்கள் தழையையும் எங்களையும் பார்த்துக் கூடாரமே அதிரச் சிரித்தார்கள். எங்களுக்கும் வெட்கம் கலந்த சிரிப்பு. நான் மட்டும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். குதித்தவன் பிழைப்பான் என்று இவள் பிடித்துக்கொண்டால் இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பாள்?

அண்ணி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்றாங்க அம்மிணி. போன வாரம் கதவு சாத்தித்தான் இருந்துச்சு. அவன் உள்ள குந்தியிருந்தான், நான் பாத்தேன். இப்பப் பொழைக்க வெக்கோணும்னு மாத்திக் காட்டறாங்க."

அத்தனை பேரில் வேறு யார் கண்ணிலும் அது படவில்லை, என் கண்ணிலும்தான். அண்ணி படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை ஏறும்போது அண்ணன் விழுந்த வளைவில் எல்லோரும் தழை போட்டு நடந்தார்கள். அண்ணி நின்றாள். தலையிலிருந்த உப்பு மூட்டையை இறக்கி வைத்தாள். சுற்றிலும் கைக்கு எட்டுகிற கிளைகளை எல்லாம் நாங்களே ஒடித்து ஒடித்து மொட்டையடித்திருந்தோம். அவள் மேட்டில் கால் வைத்து ஏறினாள்.

"இரு அண்ணி, நான் ஒடிச்சுத் தாரேன்" என்றேன்.

"வேண்டாம் கண்ணு. நானே ஒடிச்சுக்கறேன்."

வாராவாரம் தழை போட்டவள் நான். அண்ணன் செத்துவிட்டான் என்று எனக்கு எப்போதோ தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் கை கிளையைப் பிடித்தபோது, போடாதே, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவள் ஒடித்துவிட்டாள்.