சிவப்புப் பூ வைச்ச பெட்டி

அதுதான் தங்கச்சி, மூலை வீட்டுக்காரி நேற்றுக் குழாயடியில நிண்டு அளந்த அளப்பைக் கேட்டனீங்களே? தன்ர மகன் கட்டிலில படுத்துக்கொண்டே போனில கடை லைசனுக்குப் போட்டவனாம். நிலாவெளியிலயே தாங்கள்தான் முதலாம். எனக்கெண்டா சிரிப்பை அடக்க ஏலாமப் போச்சு. முதலாம்! அந்தப் பெடியன் மூக்குச் சளியோட திரிஞ்ச காலத்திலயே என்ர லைசன் ஆகாயத்தால பறந்து போய்த் திரும்பி வந்திட்டுது. இருங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ. நீங்கள் இஞ்ச குடிவந்தது சண்டை முடிஞ்ச பிறகுதானே, தெரிஞ்சிருக்காது. தேங்காய்ப்பால் சொதி அடுப்பில கிடக்கு, மெல்லமாத்தான் எரியுது. சொல்லி முடிக்கலாம்.

அது சமாதானப் பேச்சு முறிஞ்சு திரும்பவும் வெடி கேக்கத் தொடங்கின காலம். கடலுக்குப் போகக்கூடாதெண்டு நேவி சொல்லிப்போட்டுது. கரைவலையெல்லாம் வாடிக் கொட்டிலுக்குள்ள சுருண்டு கிடந்தது. எங்கட வீட்டில உலை கொதிச்சது இந்தக் கடையாலதான். காலைமை இடியப்பம், சொதி, சம்பல். பின்னேரம் பிளேன்ரீயும் வாய்ப்பனும். எங்கட அவர் தம்பலகாமத்தில தன்ர அக்காவின்ர வயலுக்கு வெட்டு வேலைக்கெண்டு போனவர். அவர் போன கையோட றோட்டைப் பூட்டிப்போட்டாங்கள். போனும் வேலை செய்யேல்ல. அங்க ஆனையும் ஷெல்லும், இஞ்ச நானும் அடுப்பும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில வந்து இறங்கினவர். நல்ல மனுசன், என்ர சம்பலில ஒரு குறையும் சொல்லமாட்டார். ஆனா சுவரைப் பார்த்திட்டார்.

“அம்மா, உங்கட லைசன் பழசு. மாதம் முடியுறதுக்குள்ள புதிசு மாட்டாட்டி நான் கடையைப் பூட்டத்தான் வேணும். மேல இருந்து சொல்லுறாங்கள், நான் என்ன செய்ய?”

இடியப்பத்தையும் தின்றுபோட்டுத்தான் சொன்னவர்.

முந்தியெண்டா லைசனுக்குப் பிரதேச சபைக் கந்தோருக்குப் போகோணும். பஸ்ஸில ஏறி, ஆமி மறிக்கிற ஒவ்வொரு சென்றியிலயும் இறங்கி, அடையாள அட்டை ஐ.சி.யைக் கையில பிடிச்சுக்கொண்டு வெயிலுக்குள்ள நடந்து, திரும்ப ஏறி. அங்க போனா ஐயா மீற்றிங்கில, நாளைக்கு வாங்கோ. ஆனா ஒரு சுகம் இருந்தது. அங்கத்தைக் கிளாக்கர் எங்கட அவரோட ஒண்டாப் பள்ளிக்கூடத்தில அடிவாங்கினவர். என்னைக் கண்டா ஒரு கேள்வியும் கேக்கமாட்டார். தானே எல்லாத்தையும் நிரப்பி மைப்பெட்டியை நீட்டுவார். நான் பெருவிரலை அமத்திப்போட்டு வந்திடுவன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எனக்கு அது போதும்.

இந்த முறை அந்தக் கிளாக்கரும் மாற்றலாகிப் போயிட்டார், றோட்டும் சரியில்லை. அப்பதான் ஓட்டோவில ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனாங்கள். வாசிகசாலையில கம்பியூட்டர் வைச்சிருக்காம், ஊராக்களும் கடைக்காரரும் கந்தோருக்கு அலையத் தேவையில்லையாம், விண்ணப்பமெல்லாம் அதுக்குள்ளால போகுமாம். நான் கேட்ட உடன ஏப்பிரனைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வெளிக்கிட்டிட்டன். அவரின்ர தம்பி பெண்சாதியும் பின்னால ஓடிவந்தா. துணைக்கெண்டு சொன்னா, புதினம் பார்க்கத்தான்.

வாசிகசாலைக் கூரையில வெள்ளையா ஒரு பெரிய தட்டு, எங்கட வாய்ப்பன் பொரிக்கிற தாச்சி மாதிரி, ஆனா ஒரு ஆள் படுக்கலாம். அதுக்குள்ளால கடிதம் மேல போய்க் கந்தோரில இறங்குமெண்டு சொல்லிச்சினம். அதில ஒரு காகம் வசதியாக் குந்தியிருந்தது. எனக்கு அப்பவே பிடிக்கேல்ல. உள்ள ஒரு கிண்ணியாப் பிள்ளை, தலையில முக்காடு, இஞ்ச தன்ர சின்னம்மா வீட்டில நிண்டு வேலைக்கு வந்தவ. நல்ல வடிவான சிரிப்பு. ஆனா எங்கட ஊரில ஒருத்தரையும் தெரியாது.

“கடைக்கு என்ன பேரும்மா?”

“கடைக்கென்ன பேர்? கடைதான்.”

“ஆக்கள் எப்பிடிச் சொல்லுவாங்க?”

“பூவரசடிக் கடை எண்டுவினம். மரம் இப்ப இல்லை.”

“அதையே போடுவம்.”

டொக் டொக்கெண்டு அடிச்சா. நான் சொல்லச் சொல்ல கம்பியூட்டர்க் கண்ணாடியில எழுத்து ஓடுது தங்கச்சி! என்ர வாயிலயிருந்து வந்தது அங்க நிக்குது! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. பிறகு பிள்ளை கேட்டா:

“கணவர்ர பேரு?”

நான் கையால வாயைப் பொத்திட்டன்.

நீங்கள் கேற்றடியில நிண்டு மனுசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறனீங்கள், நான் பிழையெண்டு சொல்லேல்ல. எங்களுக்கு அது வராது. கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து ‘இஞ்சேருங்கோ’தான். பெண்சாதி வாயில பேர் எடுத்தா மனுசனுக்கு ஆயுள் குறையுமெண்டு என்ர மாமி சொல்லுவா. சும்மா நாளிலயே சொல்லாத நான், அவர் றோட்டுக்கு அங்கால ஷெல்லுக்குள்ள நிக்கேக்க சொல்லுவனே? பழைய லைசனைப் பார்த்து எழுதச் சொல்லுவமெண்டா அதில என்ர பேர் மட்டும்தான். கலியாணப் பத்திரம் முந்தி இடம்பெயரேக்க நனைஞ்சு களியாப் போச்சு.

“அந்தப் பெட்டியை விட்டிட்டு அங்கால போ பிள்ளை.”

“ஏலாதும்மா. பெட்டிக்குப் பக்கத்தில சிவப்பா ஒண்டு இருக்கு, பாருங்க.”

பார்த்தன். சின்னச் சிவப்புப் பூ. அந்தப் பூ வைச்ச பெட்டியை வெறுமையா விட்டா மற்றப் பக்கத்துக்கு விடாதாம். விட்டுப் பார்த்தா. முழுப் பெட்டியும் கோவத்தில சிவந்து போச்சு.

“உவவைக் கேள் பிள்ளை” எண்டு தம்பி பெண்சாதியைக் காட்டினன்.

“ஐயோ அக்கா, எனக்கு அவர் அத்தானல்லோ! மூத்தவரின்ர பேரை நான் எப்பிடிச் சொல்லுறது?”

வந்த துணையைப் பாருங்கோ.

சரி, குறிப்புச் சொல்லுவமெண்டு பார்த்தன். “எங்கட மலையில இருக்கிறவரின்ர பேர்தான் பிள்ளை.”

“மலைநாட்டிலயா வேலை? தோட்டத்திலயா?”

“இல்லை, இந்த மலை. கோட்டைக்குள்ளால போகோணும்.”

கோட்டைக்குள்ள ஆமிதானே இருக்கு, பிள்ளையின்ர முகம் மாறிச்சு. குரலைத் தாழ்த்தி, “ஆமிக் காம்புக்குள்ளயா? எப்பம்மா பிடிச்சாங்க?” எண்டு கேட்டா, கண்ணெல்லாம் கலங்கி.

“அட, ஒருத்தரும் பிடிக்கேல்ல! கோயிலில இருக்கிற சாமியைச் சொல்லுறன்!”

“சாமிக்கு நிறையப் பேர் இரிக்குமே அம்மா, எதை அடிக்கிற?”

பின்னால வரிசையில இறக்கக்கண்டி ஐஸ்காரர் ஒருத்தர் நிண்டவர். “ஜெனரேற்றருக்கு எண்ணெய் முடியப்போகுது. கெதியா உங்கட மனுசனைக் கண்டுபிடிங்கம்மா!” எண்டார். எல்லாரும் சிரிச்சாங்கள். கடையும் போகக்கூடாது, அவரும் போகக்கூடாது. என்ன செய்யிறது?

அப்பதான் எனக்கு மின்னினது. “பிள்ளை, நீ அரிவரியிலயிருந்து ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு வா. சரியான சத்தம் வந்தா நான் தலையாட்டுவன். வாயாலதானே சொல்லக்கூடாது, தலையால ஆட்டலாம்தானே?”

அந்தப் பிள்ளைக்கும் சந்தோசம். அ, ஆ, இ, ஈ எண்டு தொடங்கினா. ஐஸ்காரரும் சேர்ந்தார், வரிசையில நிண்டவை எல்லாரும் சேர்ந்திட்டினம். வாசிகசாலை பாலர் வகுப்பாப் போச்சு! முதலாவது எழுத்து வர நான் ஆட்டினன், டொக். எந்த எழுத்தெண்டு உங்களுக்கும் சொல்லமாட்டன், கேக்காதேங்கோ. இரண்டாவதுக்கு ஆட்டினன், டொக். மூன்றாவதுக்குப் போகேக்க ஒரு இலையான் பறந்து வந்து என்ர மூக்கில இருந்திட்டுது. தலையை உதறினன். பிள்ளை அதையும் அடிச்சிட்டா.

தம்பி பெண்சாதிக்கு நாலாம் வகுப்புவரை எழுத்துத் தெரியும். பாய்ஞ்சு எழும்பி, “ஐயோ அக்கா, இது வேற ஆரோ மனுசன்!” எண்டு கத்தினா.

“அழி! அழி பிள்ளை!” எண்டு நானும் கத்தினன். ஐஸ்காரர் நிலத்தில குந்தியிருந்து சிரிச்சவர்.

ஜெனரேற்றர் இரும இரும கடைசி எழுத்தும் விழுந்துது. சரியோ எண்டு பார்க்கப் பிள்ளை முழுப்பேரையும் உரத்து வாசிச்சா. நானும் தம்பி பெண்சாதியும் ரெண்டு பேருமாக் காதைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டு ஆட்டெண்டு ஆட்டினம். “இனி அனுப்புறேன்” எண்டா.

“கொஞ்சம் பொறு!” எண்டுபோட்டு வெளிய ஓடினன். அந்தக் காகம் இன்னும் தட்டிலதான் இருந்தது. காகம் குந்தியிருந்தா கடிதம் எப்பிடிப் போகும்? சீலைத் தலைப்பை இழுத்தெடுத்து வீசி, சூ சூ எண்டு துள்ளினன். எதிரில சென்றியில நிண்ட ஆமிக்காரப் பெடியன் துவக்கோட எட்டிப் பார்த்தான். பிறகு என்ன நினைச்சானோ, அவனும் கையைத் தட்டினான். காகம் எழும்பிச்சு. “இப்ப அனுப்பு!” எண்டு கத்தினன். உள்ளயிருந்து குரல் வந்தது: “போயிட்டுதும்மா!”

போயிட்டுது தங்கச்சி! ஒரு சென்றியிலயும் இறங்காம, ஒருத்தருக்கும் ஐ.சி. காட்டாம!

மாதம் முடிய முன்னமே லைசன் வந்தது. வாசிகசாலையில அச்சடிச்செடுத்து, பெருவிரலை வைச்சு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில மாட்டினன். சுகாதாரப் பரிசோதகர் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிச்சார். “கம்பியூட்டர் லைசன்! நான் இப்பதான் காணுறன்” எண்டிட்டு இன்னொரு தட்டு இடியப்பம் கேட்டார். கடை பூட்டேல்ல. பிறகு பிறகு ஊரில ஆருக்குப் பிறப்புப் பத்திரம், ஆருக்கு மதில் கட்ட அனுமதி எண்டாலும், காகம் கலைக்க என்னைத்தான் கூப்பிட்டினம்.

றோட்டுத் திறந்து எங்கட அவர் நெல்லு மூட்டையோட வந்து இறங்கினது ஒரு விடியக்காலைமை. மெலிஞ்சு, தாடியோட. நான் அழுதுகொண்டு நிக்கிறன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார். புது லைசனில மனுசன்ர பேரையும் அச்சடிச்சிருந்தது.

“எடியேய், இதென்ன, என்ர பேர் கிடக்கு? ஆருக்கடி சொன்னனீ?”

“நான் சொல்லேல்ல. அவையள் சொல்லிச்சினம், நான் தலையாட்டினன்.”

“அதுதானே பார்த்தன், ஆரோ என்ர பேரைச் சொல்லுற மாதிரி வயலில எனக்கு ஒரே தும்மலா வந்தது” எண்டார். பிறகு அந்த லைசன் கண்ணாடியைத் தன்ர சாரத்தால துடைச்சார். இப்பவும் துடைக்கிறவர், அந்தா பாருங்கோ, மினுங்குது.

அதால மூலை வீட்டுக்காரியிட்டச் சொல்லுங்கோ, முதல் ஆர் எண்டு. உங்கட தையல் கடைக்கும் போடோணுமெண்டனீங்கள், நாளைக்கு வாங்கோ, நானும் கூட வாறன். இப்ப கூரையில தட்டு இல்லையாம், காகத்துக்கு வேலையில்லை. ஆனா அந்தச் சிவப்புப் பூ இருக்கும், கவனம். ஐயையோ, என்ன மணக்குது? சொதி! திரைஞ்சுபோச்சுதோ தெரியேல்ல, அவரும் அங்க கூப்பிடுறார். இஞ்சேருங்கோ, அடுப்பைத் தணியுங்கோ, அகப்பையோட வாறன்!